பாண்டிச்சேரி பெயர் கொண்ட கழுகு.. உலகுக்குக் காட்டிய பிரெஞ்சுக்காரர்! யார் இந்த சொன்னரா?

சேதராப்பட்டு, ஊசுட்டேரி பக்கம் அண்ணாந்து பார்த்தா பருந்து வட்டமிடுவதைப் பார்க்கலாம். ஆனா பாறு கழுகு? இங்க அதைப் பார்ப்பது இப்போ அரிதிலும் அரிது. இத்தனைக்கும் செந்தலைப் பாறுவுக்கு ஆங்கிலத்தில் 'பாண்டிச்சேரி வல்ச்சர்' என்றே ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவர் பியேர் சொன்னரா.

யார் இவர்?

1748-ல் பிரான்சின் லியோன் நகரில் பிறந்தவர். இளம் வயதிலேயே மொரீஷியஸ் வந்து, உறவினரான பிரெஞ்சு அதிகாரி பியேர் புவாவ்ரிடம் வேலை பார்த்தார். நன்றாகப் படம் வரைவார். 1774 முதல் 1781 வரை இந்தியா, சீனா எனச் சுற்றியவர், 1782-ல் அதைப் புத்தகமாக வெளியிட்டார்.

என்ன செய்தார்?

கறுப்பு உடல், இறகே இல்லாத சிவந்த தலை. இதுதான் செந்தலைப் பாறு. இதை 'பாண்டிச்சேரியின் ராஜ கழுகு' என்று பதிவு செய்தார். வெள்ளை உடல், மஞ்சள் முகம் கொண்ட கழுகுக்கு செஞ்சியின் பெயரை வைத்தார். திருக்கழுக்குன்றத்தில் பிரசாதம் சாப்பிட வந்ததாகச் சொல்வோமே, அதே இனம்தான்!

ஆனால் பெருமை யாருக்கு?

சொன்னரா லத்தீன் பெயர் வைக்கவில்லை. அறிவியல் உலகில் அதுதான் கணக்கு. அவரது புத்தகத்தை வைத்தே இத்தாலியில் இருந்த ஸ்கோபோலி, 1786-ல் செந்தலைப் பாறுவுக்குப் பெயர் சூட்டினார். செஞ்சிக் கழுகுக்கு 1790-ல் பெயர் வைத்தவர் இங்கிலாந்தின் லேதம். கண்ணால் பார்த்தவர் ஒருவர், பேர் வாங்கியவர்கள் வேறு! சாம்பல் காட்டுக்கோழியின் அறிவியல் பெயரில் சொன்னரா இன்றும் இருக்கிறார்.

சர்ச்சையும் உண்டு

போகாத நியூகினிக்குப் போனதாக எழுதியவர் இவர். அதனால் ஆஸ்திரேலியாவின் கூக்கபரா பறவை, இன்றுவரை அறிவியல் பெயரில் நியூகினியைச் சுமக்கிறது. எங்கே பார்த்தோம் என்பதைத் தப்பா எழுதினா, 200 வருஷம் தாண்டியும் அந்தத் தப்பு நிற்கும்.

பிறகு ஏனாமில் பிரெஞ்சு அதிகாரியாக இருந்தவர், 1813-ல் தாய்நாடு திரும்பி, 1814-ல் பாரிஸில் இறந்தார்.

இன்று அந்தக் கழுகு?

2007 முதல் செந்தலைப் பாறு, அழிவின் விளிம்பில் உள்ள பறவைகள் பட்டியலில் இருக்கிறது. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்த 2006-ல் இந்தியா தடை விதித்தது. தமிழ்நாட்டில் இப்போ முதுமலை, மாயாறு பக்கம்தான் இந்தக் கழுகைத் தேட வேண்டும். பாண்டிச்சேரிக்கு மிஞ்சியது பெயர் மட்டுமே.