அளவு தவறாத மனிதர்: ஷார்ல் எடுவார் கியோம்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், சர்வே சம்பந்தமா இருந்தா நல்லது என்று குழுவினர் கேட்டதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது நம்ம சர்வே ஸ்டோரில் இருந்த அந்த மரப்பெட்டிதான். 1979-83 சிவில் செட்டுக்கு மறந்திருக்காது. உள்ளே ஒரு இன்வார் டேப். சார் மட்டும்தான் திறப்பார். நாம் தொட்டால் மடங்கிவிடும், மடங்கினால் அவ்வளவுதான். நமக்குக் கிடைத்ததெல்லாம் சாதாரண ஸ்டீல் டேப்.

அந்த ஸ்டீல் டேப்பை வைத்து நான் செய்த ஒரு தப்பை இந்த மலரில் ஒப்புக்கொள்ளப் போகிறேன். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

இரண்டாம் வருஷம் சர்வே கேம்ப். 300 மீட்டர் அடிக்கோடு ஒன்றைக் காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை அளக்க வேண்டும். காலையில் ஒழுங்காக அளந்தோம். மதியம் மொட்டை வெயிலில் அளந்தால் 5 சென்டிமீட்டர் குறைகிறது. எங்கேயோ ஆணியைத் தவறாக அடித்துவிட்டோம் என்று நினைத்தோம். திரும்ப அளக்கத் தெம்பு இல்லை. நானும் பார்ட்னரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். காலையில் வந்த அளவையே நாலைந்து மில்லிமீட்டர் கூட்டிக் குறைத்து பீல்டு புக்கில் எழுதிவிட்டோம். (பார்ட்னர் பெயரைச் சொல்ல மாட்டேன். இந்த மலர் அவன் கைக்கும் போகும்.)

ஆனால் டேப்போடு தெர்மாமீட்டரும் கொடுத்திருந்தார்கள். அந்த ரீடிங்கை மட்டும் உள்ளபடியே எழுதியிருந்தோம். காலைக்கும் மதியத்துக்கும் 15 டிகிரி வித்தியாசம். மறுநாள் சார் எல்லாரையும் உட்காரவைத்து வெப்பநிலைத் திருத்தம் போடச் சொன்னார். ஸ்டீல் ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் சுமார் 11.5 மைக்ரான் நீளும். 300 மீட்டருக்கு 15 டிகிரி என்றால் 5 சென்டிமீட்டர். டேப் நீண்டதால்தான் மதியம் அளவு குறைந்திருக்கிறது! ஒழுங்காக எழுதியவர்களுக்குத் திருத்தம் போட்டதும் இரண்டு அளவும் ஒன்றாயின. எங்களுக்கு மட்டும், ஒன்றாக இருந்தது 5 சென்டிமீட்டர் பிரிந்து போயிற்று.

சார் நோட்டைப் பார்த்தார். ஒன்றுமே சொல்லவில்லை. ஸ்டோருக்குப் போய் மரப்பெட்டியை எடுத்துவந்து, அந்த டேப்பைச் செய்த உலோகத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று வகுப்புக்குக் கதை சொல்ல ஆரம்பித்தார். அன்று கேட்டதோடு பிற்பாடு நானாகப் படித்ததையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

ஷார்ல் எடுவார் கியோம் 1861 பிப்ரவரி 15-ல் சுவிட்சர்லாந்தின் ஃப்ளூரியே என்ற ஊரில் பிறந்தார். கடிகாரம் செய்யும் குடும்பம். தாத்தா லண்டனில் கடிகாரக் கடை வைத்தவர். அப்பா அந்தத் தொழிலோடு நன்கு படித்தவர். பையனுக்கு ஆரம்பப் பாடம் அவரிடம்தான். சின்ன வயதில் அரகோ எழுதிய விஞ்ஞானிகள் வரலாறுகளைப் படித்து மனதைப் பறிகொடுத்தார் கியோம். 17 வயதில் சூரிச் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்து, டாக்டர் பட்டம் வாங்கி, சிறிது காலம் பீரங்கிப் படையில் அதிகாரியாகவும் இருந்துவிட்டு, 1883-ல் பாரிஸ் பக்கத்தில் செவ்ரில் உள்ள சர்வதேச எடை அளவு நிலையத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். அப்புறம் வேறு வேலை தேடவே இல்லை. 1915-ல் அதன் இயக்குநராகி 1936 வரை இருந்தார். ஒரே ஆபீஸ், 53 வருஷம்!

முதலில் கொடுத்த வேலை பாதரசத் தெர்மாமீட்டர்களைச் சோதிப்பது. அலுப்புத் தட்டுகிற வேலைதான். ஆனால் நீளத்தைச் சரியாக அளக்க வேண்டுமானால் முதலில் சூட்டைச் சரியாக அளக்க வேண்டும். எங்கள் பீல்டு புக்கே அதற்குச் சாட்சி.

1889-ல் உலக நாடுகளுக்கெல்லாம் பிளாட்டினம்-இரிடியம் கலந்த மீட்டர் கோல்கள் கொடுக்கப்பட்டன. விலை மிகுந்த சமாச்சாரம். சாதாரண ஆய்வுக்கூடம் வாங்க முடியாது. மலிவான உலோகம் ஒன்று வேண்டும் என்று கியோம் தேடிக்கொண்டிருந்தார். 1895-ல் பீரங்கித் துறையிலிருந்து சோதனைக்கு வந்த ஒரு நிக்கல் எஃகுக் கோல் எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக நீண்டது. அடுத்த வருஷம் வந்த இன்னொரு நிக்கல் எஃகுக் கோல், நிக்கல் கொஞ்சம் கூடுதலாக இருந்தது, பிளாட்டினத்தைவிடவும் குறைவாக நீண்டது. வேறொருவராக இருந்தால் ரீடிங்கில் கோளாறு என்று ஒதுக்கியிருப்பார். நாங்கள் ஒதுக்கவில்லையா? அவர் ஒதுக்கவில்லை. பொருந்தாத அந்த இரண்டு எண்களையும் பிடித்துக்கொண்டார்.

இம்ஃபி எஃகு ஆலைக்கு எழுதி, நிக்கல் அளவைச் சிறிது சிறிதாக மாற்றிக் கோல்களைச் செய்யச் சொன்னார். அந்தக் கம்பெனியின் தலைவர் யார் தெரியுமா? ஹென்றி ஃபயோல். மேனேஜ்மென்ட் பேப்பரில் 14 கொள்கைகளை மனப்பாடம் செய்தோமே, அதே ஃபயோல்தான். அவர் தாராளமாக உதவினார். ஒவ்வொரு கோலாகச் சூடாக்கி, ஆறவைத்து, அளந்து வந்ததில் 36 சதவீதம் நிக்கல் உள்ள கலவையில் நீட்சி கிட்டத்தட்ட நின்றே போனது. ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு ஒரு மைக்ரான் சொச்சம். ஸ்டீலில் பத்தில் ஒரு பங்கு. மாறாதது என்ற பொருளில் அதற்கு இன்வார் என்று பெயர் வந்தது.

சர்வேக்காரர்களுக்கு இது வரப்பிரசாதம். அதுவரை அடிக்கோடு அளப்பது என்றால் கனத்த கோல்கள், கூடாரம், ஆள் படை என்று திருவிழாவே நடத்த வேண்டும். இன்வார் கம்பி வந்ததும் சில ஆட்கள் ஒரே நாளில் கிலோமீட்டர் கணக்கில் அளந்தார்கள். 1906-ல் சுமார் 20 கிலோமீட்டர் நீளமுள்ள சிம்ப்லான் ரயில் சுரங்கத்தையே இன்வார் கம்பியால் சில நாட்களில் அளந்து முடித்தனர்.

மனிதர் ஒரே துறையில் அடைந்து கிடக்கவில்லை. ஒரு கிலோ தண்ணீரின் கன அளவை அளக்கும் பணியில் பங்கேற்றார். லிட்டருக்கும் கன டெசிமீட்டருக்கும் லட்சத்தில் மூன்று பங்கு அளவுக்கு ஒரு வித்தியாசம் இருப்பது தெரிந்தது. 1896-ல் நட்சத்திர ஒளியைக் கணக்கிட்டு, விண்வெளியில் கிடக்கும் ஒரு பொருளின் வெப்பநிலை தனிச்சுழிக்கு மேல் ஐந்தாறு டிகிரி இருக்கும் என்றார். (1965-ல் கண்டறிந்த 2.7 டிகிரிப் பின்னணிக் கதிர்வீச்சு வேறு விஷயம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) தாத்தா, அப்பா தொழிலையும் மறக்கவில்லை. கைக்கடிகார ஸ்பிரிங் சூட்டில் விறைப்பு மாறாமல் இருக்க எலின்வார் என்ற இன்னொரு கலவையைத் தந்தார். 1920-ல் இயற்பியல் நோபல் பரிசு. 1921-க்கான பரிசு ஐன்ஸ்டைனுக்கு. அண்டத்தையே வளைத்தவருக்கு முந்தைய இடத்தில் அளவுகோல் பார்த்தவர்!

ஆனால் சார் அன்று அழுத்திச் சொன்னது நோபலை அல்ல. இன்வாருக்கு ஒரு குறை உண்டு. சூட்டுக்கு நீளாவிட்டாலும் வருஷக்கணக்கில் சும்மா வைத்திருந்தால் மைக்ரான் கணக்கில் தானாக நீளும். இதைக் கண்டுபிடித்து ஊருக்குச் சொன்னவர் வேறு யாருமில்லை, கியோமேதான். மாறாதது என்று பேர் வாங்கிய தன் சொந்தப் பிள்ளை மாறுகிறதா என்று வருஷா வருஷம் அளந்து, வந்த எண்ணை அப்படியே அச்சிட்டார். எஃகில் உள்ள கார்பன்தான் காரணம் என்று கண்டு, அதைக் குறைக்கவும், சூடாக்கி மெள்ள ஆறவைக்கவும் வழி சொன்னார். குறையை மறைத்திருந்தால் நம்பி அளந்தவன் எவனோ தவறியிருப்பான். 1938 மே 13-ல், 77 வயதில், செவ்ரிலேயே காலமானார்.

கதை அதோடு முடியவில்லை. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகம் வந்தது. 1959-ல் அங்கே ஓடத் தொடங்கிய புரோட்டான் முடுக்கி 628 மீட்டர் சுற்றளவு வளையம்; அதில் 100 பெரிய காந்தங்கள். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் அவை வரிசையில் நிற்க வேண்டும். இல்லையென்றால் துகள்கள் குழாய்ச் சுவரில் மோதி வீணாகும். அந்த வரிசை பார்க்க உதவியது இன்வார் கம்பிதான். பிறகு செர்ன் சர்வேயர்கள் டிஸ்டின்வார் என்று ஒரு கருவியே செய்தார்கள். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இன்வார் கம்பியை எப்போதும் ஒரே இழுவிசையில் கட்டி அளக்கும். சில நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வரை நம்பலாம். 1989-ல் ஓடத் தொடங்கிய 27 கிலோமீட்டர் வளையமான லெப் முடுக்கியில் இன்னொரு வேடிக்கை. துகள்களின் ஆற்றல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. நிலவின் ஈர்ப்பு கடலைப் போலப் பூமியின் மேலோட்டையும் இழுக்க, வளையமே ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் பெருத்துச் சுருங்குகிறது என்று கண்டார்கள். பொருந்தாத ரீடிங்கை அவர்களும் அழிக்கவில்லை!

இன்று லேசர் கருவிகள் வந்துவிட்டன. டோட்டல் ஸ்டேஷனைத் தட்டினால் திருத்தம் போட்டே எண்ணைக் கொடுத்துவிடுகிறது. இப்போது படிக்கிற தம்பி தங்கைகளுக்கு எங்கள் டேப் சிரிப்பாக இருக்கும். இருக்கட்டும். ஆனால் உங்களுக்கும் ஒரு நாள் பொருந்தாத எண் வரும். அன்று களைப்பாக இருக்கும், பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும். அப்போதும் வந்ததை வந்தபடி எழுதுங்கள். உங்களுக்குப் புரியாதது அடுத்த நாள் இன்னொருவருக்குப் புரியலாம்.

அந்த நாளுக்குப் பிறகு சர்வே வேலையிலேயே முப்பத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. பீல்டு புக்கில் ஒரு எண்ணையும் நான் மாற்றி எழுதியதில்லை. இதைச் சாரிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும். ஒவ்வொரு தடவை ஊருக்கு வரும்போதும் அடுத்த தடவை என்று தள்ளிப்போட்டேன். இப்போது அவர் இல்லை. நோட்டைப் பார்த்துவிட்டு அன்று அவர் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அதனால்தான் இன்னமும் உறுத்துகிறது. இந்த மலர் வழியாகவாவது சொல்லிவிடுகிறேன்: சார், அந்த மதிய அளவு நாங்கள் அளந்தது இல்லை.

மரப்பெட்டி இன்னும் ஸ்டோரில் இருந்தால், சந்திப்பு நாளன்று யாராவது திறந்து காட்டுங்கள். தொட மாட்டேன், தூர நின்று பார்த்துக்கொள்கிறேன்.

— 1979-83 சிவில் பிரிவு முன்னாள் மாணவன்