வைத்தியகலாநிதி கிறீன்

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திலே, நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து உதவுவோன் ஆகிய நால்வரையும் வைத்தியத்தின் நான்கு கூறுகளாக வகுத்தார். இந்நான்கையும் பிணித்து நிற்பது நம்பிக்கை. அந்நம்பிக்கையை யாழ்ப்பாணத்திலே சிறுகச் சிறுகத் தேடிக்கொண்ட பெரியார் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பார் 1822 ஆம் ஆண்டு ஒக்டோபர் 10 ஆம் நாள் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிலே பிறந்தார். நல்லூர் ஆறுமுகநாவலர் பிறந்ததும் அவ்வாண்டிலேயாம். கிறீன் நியூயோர்க்கில் வைத்தியம் பயின்று, 1845 இற் பட்டம் பெற்று, 1847 இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் போந்தார். வட்டுக்கோட்டையிலே தொடங்கிய அவர் பணி, மறு ஆண்டிலே மானிப்பாயில் நிலைகொண்டது.

அக்காலத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக ஊர்ப் பரிகாரியாரையே நம்பி வாழ்ந்தவர்கள். வைசூரி அம்மாள் வருத்தம் எனப்பட்டது. அதற்கு வேப்பிலையும் நேர்த்தியுமே பரிகாரங்கள். சத்திரமெடுத்து அறுக்கும் வைத்தியத்தைக் கண்டு அஞ்சினர். அன்றியும், மிஷன் வைத்தியத்தோடு சமயப் பிரசாரமும் உடன்வந்தமையாற் சைவ மக்கள் ஐயுற்றது இயல்பே. கிறீனும் தம் சமய நோக்கை மறைத்தாரல்லர். எனினும் காலப்போக்கில் மக்கள் தம் சமயத்தை விடாமலே அவர் மருந்தை ஏற்றுக்கொண்டனர். இது எவ்வாறு நிகழ்ந்தது?

முதலாவது, அவர் தமிழைக் கற்றார். இரண்டாவது, தாம் ஒருவரே வைத்தியராயிருத்தல் போதாதென உணர்ந்து, 1848 முதல் இந்நாட்டு இளைஞருக்கு மேலைத்தேச வைத்தியம் கற்பித்தார். தொடக்கத்திலே ஆங்கிலமே போதனா மொழி. ஆங்கிலத்திற் கற்றோர் பலர் அரசாங்க உத்தியோகம் நாடி வெளியூர் சென்றனர். கிராமங்களோ வைத்தியரின்றியே இருந்தன. இதனைக் கண்ட கிறீன் 1864 அளவிலே தமிழிற் கற்பிக்கத் தொடங்கினார். தமிழிற் கற்றவன் தன் ஊரிலே தங்குவான். அவன் சொல்வது ஊராருக்கு விளங்கும் என்பது அவர் கருத்து. அவரிடம் பயின்ற வைத்தியர் 60 இற்கு மேற்பட்டோர்.

கற்பிக்க நூல் வேண்டுமன்றோ? டன்போர்த், சப்மன் முதலிய தமிழ் மாணாக்கர் துணைநிற்க நூல்கள் பல வெளிவந்தன. 1857 இற் பிரசவ வைத்தியம், 1867 இல் இரண வைத்தியம், 1872 இல் மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும், 1875 இற் கெமிஸ்தம் என்பன அவற்றுட் சில. கலைச்சொல் வேண்டியவிடத்துத் தமிழிலே தேடினார். அதன்பின் வடமொழியிலே தேடினார். இரண்டிலும் அமையாதபோதே ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்பத் திரித்தார்.

1866, 1867 ஆம் ஆண்டுகளிலே வாந்திபேதி குடாநாட்டைச் சூறையாடியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அக்கொடிய நாளிலே நோயுற்றார் வீட்டு வாயிலுக்கு மருந்தோடு வந்தவன் முன்பின் அறியாத அந்நியன் அல்லன். அயலூரிலே பிறந்து, தம் மொழியிலே நலம் விசாரிக்கும் தமிழ் வைத்தியன். கிறீன் இட்ட வித்து முளைத்ததை நாடு கண்டது அப்பொழுதேயாம்.

தமிழர் கிறிஸ்தவராயினும் தமிழராகவே வாழ வேண்டும், உடையிலும் பழக்கத்திலும் ஐரோப்பியரைப் பின்பற்றலாகாது என்பதும் அவர் கொள்கை. இதனாலும் அவர்பால் மதிப்பு வளர்ந்தது.

1873 இல் உடல்நலங் குன்றித் தாயகம் மீண்ட பின்னரும் தமிழ்க் கையெழுத்துப் பிரதிகளைத் திருத்துவதிலேயே காலங் கழித்தார். மனுஷ சுகரணம் 1883 இல் வெளிவந்தது. 1884 மே 28 ஆம் நாள் வூஸ்ரரிலே உயிர் நீத்தார். தமிழரிடையே வைத்தியத் தொண்டு புரிந்தவர் என்றே தம் கல்லறையிற் பொறிக்க வேண்டுமென அவர் விரும்பினார். மானிப்பாயிலே அவர் பெயரால் அமைந்த வைத்தியசாலை அத்தொண்டை நினைவூட்டுகின்றது.

சமயத்தால் நாம் அவரினும் வேறுபட்டவர். ஆயினும் நன்றி மறத்தல் நமக்கு அழகன்று. சுகாதாரப் பகுதியாராகவும் வைத்தியராகவும் ஊர்களுக்குச் செல்லும் நம் கல்லூரி மாணவர், கட்டளையினால் மட்டும் மக்களை இணங்கச் செய்யலாமென எண்ணாதிருப்பாராக. மக்கள் மொழியிலே பேசி, அவர்தம் வழக்கத்தை மதித்து, அவர்களோடு தங்குபவனையே ஊர் நம்பும். கிறீன் வாழ்வு புகட்டும் பாடம் இதுவே.