கஜானா நிறைய பணம், தடுத்துக் கேட்க ஆளில்லை: அர்ஜென்டினாவின் ஹுவான் பெரோன் யார்?

கால்பந்தை விட்டால், அர்ஜென்டினா செய்தியில் அடிபடுவது பெரும்பாலும் பணவீக்கத்துக்காகத்தான். அந்த விவாதத்தில் இன்றும் தவறாமல் வரும் பெயர், 1974-ல் இறந்த ஹுவான் பெரோன்.

யார் இவர்?

1895-ல் பிறந்தவர், ராணுவ அதிகாரி. 1943-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, யாரும் பெரிதாக மதிக்காத தொழிலாளர் துறை இவர் கைக்கு வந்தது. சம்பள உயர்வு, விடுமுறை, பென்ஷன் எனக் கொடுத்துக்கொண்டே போனார். இவரது செல்வாக்கைப் பார்த்து மிரண்ட சக அதிகாரிகள் 1945 அக்டோபரில் கைது செய்ய, தொழிலாளர்கள் தலைநகர் பியூனஸ் அயர்ஸில் திரண்டார்கள். வேறு வழியில்லாமல் விடுதலை! அதே மாதம் நடிகை எவாவுடன் திருமணம். டிசம்பரில் 13-வது மாதச் சம்பளம் கட்டாயமானது. 1946-ல் பெரோன் அதிபர்.

அதிகாரம் எப்படிக் குவிந்தது?

தன்னை ஜெயிக்க வைத்த தொழிலாளர் கட்சியையே முதலில் கலைத்தார். 1947-ல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 3 பேர் பதவி நீக்கப்பட்டனர். மீண்டும் போட்டியிட வசதியாக 1949-ல் அரசியல் சாசனம் மாறியது. விமர்சித்த 'லா பிரென்சா' நாளிதழ் 1951-ல் பறிக்கப்பட்டு, தொழிற்சங்கக் கூட்டமைப்பிடம் போனது.

பணம் எங்கிருந்து வந்தது?

இரண்டாம் உலகப் போரில் இறைச்சியும் தானியமும் விற்றுச் சேர்ந்த அந்நியச் செலாவணி கையிருப்பில் இருந்தது. தானிய ஏற்றுமதியையும் அரசே எடுத்துக்கொண்டது. விவசாயியிடம் குறைந்த விலைக்கு வாங்கி, வெளிநாட்டில் அதிக விலைக்கு விற்றது. 1948-ல் பிரிட்டிஷ் ரயில்வே நிறுவனங்களை 15 கோடி பவுண்டுக்கு வாங்கியது. தொழிலாளியின் வாழ்க்கைத் தரம் நிஜமாகவே உயர்ந்தது.

எங்கே இடித்தது?

கட்டுப்படியாகாத விவசாயிகள் சாகுபடியைக் குறைத்தார்கள். உலகச் சந்தையில் விலை இறங்கியது. கையிருப்பு கரைந்தது. 1951-52 வறட்சியில், கோதுமை விற்ற நாடே கோதுமை வாங்க வேண்டிய நிலை. 1952-ல் பணவீக்கம் 40%-ஐ நெருங்கியது. அந்த ஜூலையில் எவாவும் 33 வயதில் இறந்தார்.

பெரோன் சட்டென ரூட்டை மாற்றினார். சம்பள உயர்வை நிறுத்தினார், விவசாயிகளுக்குக் கூடுதல் விலை கொடுத்தார், 1955-ல் அமெரிக்க எண்ணெய் நிறுவனத்துடன் ஒப்பந்தமும் போட்டார். ஆனால் ரொம்ப லேட். தப்பு நடக்கும்போதே சுட்டிக்காட்ட வேண்டிய நீதிமன்றமும் பத்திரிகையும் எப்போதோ முடக்கப்பட்டிருந்தன. தேர்தலில் தோற்கடிக்க வழியில்லை என்று நினைத்த எதிர்த்தரப்பு ராணுவத்தை நாட, 1955 செப்டம்பரில் ஆட்சி கவிழ்ந்தது.

பிறகு?

18 ஆண்டு வெளிநாட்டு வாசம். 1973-ல் திரும்பி வந்து 3-வது முறை அதிபர். 1974 ஜூலை 1-ல் மரணம். துணை அதிபராக இருந்த மனைவி இசபெல் பதவியேற்றார். 1975-ல் விலைவாசி எகிறியது. 1976-ல் மறுபடியும் ராணுவ ஆட்சி.

பெரோன் காலத்து 13-வது மாதச் சம்பளம் அர்ஜென்டினாவில் இன்றும் சட்டம். அதன் மதிப்பைத் தின்னும் பணவீக்கமும் இன்றுவரை தீரவில்லை.