சொல்லும் பியானோவும்: கிளாரா ஷூமன்

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 1819 செப்டம்பர் 13 அன்று பிறந்த கிளாரா, நான்கு வயது கடந்தும் பேசவில்லை. காது கேளாத குழந்தையோ என்று வீட்டார் ஐயுற்றனர். ஆனால் காதால் கேட்ட எளிய நடன மெட்டுகளை அக்குழந்தை பியானோவில் வாசித்தது! சொல் வருமுன்னே இசை வந்துவிட்டது.

பெற்றோர் பிரிந்தமையால், ஐந்து வயதில் தாயை விட்டுத் தந்தையிடம் வளர நேர்ந்தது. தந்தை பிரீட்ரிக் வீக் பெயர் பெற்ற பியானோ ஆசிரியர், மிகவும் கண்டிப்பானவர். மகளின் நாட்குறிப்பைக்கூட, அவள் எழுதுவதுபோல் தாமே எழுதினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! 1828இல் ஒன்பது வயதுச் சிறுமியாக மேடையேறிய கிளாரா, 1835இல் தாமே இயற்றிய பியானோ கன்செர்ட்டோவை மெண்டல்சன் இசைக்குழுவை நடத்த வாசித்தார். அப்போது வயது 16. ஏட்டைப் பாராமல் நினைவிலிருந்தே வாசிப்பது அந்நாளில் அரிது. அதையும் அவர் துணிந்து செய்தார்.

தந்தை எதிர்த்தும் நீதிமன்றத்தின் அனுமதி பெற்று, 1840இல் இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமனை மணந்தார். மறு ஆண்டு ரூக்கெர்ட் என்ற கவிஞரின் பாடல்களுக்கு இருவரும் இசையமைத்து ஒரே நூலாக வெளியிட்டனர். பன்னிரண்டில் மூன்று கிளாராவுடையவை. எவை யாருடையவை என்று நூலில் குறிக்கவில்லை, கேட்டவர்கள் திகைத்தனர்.

எனினும், பெண் ஒருத்தி இசை இயற்ற ஆசைப்படலாமா என்ற ஐயம் 1839லேயே அவர் நாட்குறிப்பில் இடம்பெற்றுவிட்டது. இத்துணை ஆற்றல் படைத்தவருக்கா இந்த ஐயம் என்று நமக்கு வருத்தமே உண்டாகிறது. இல்லற வாழ்வும் எளிதாயில்லை. கணவர் இசை எழுதும் நேரத்தில் மனைவியின் பியானோ மௌனமாயிருக்க வேண்டும். பிள்ளைகள் எண்மர் பிறந்தனர். ஒன்று குழந்தைப் பருவத்திலேயே மறைந்தது. 1849இல் டிரெஸ்டன் நகரில் கலகம் மூண்டபோது, கணவரைப் பாதுகாப்பான இடத்தில் சேர்த்துவிட்டு, கருவுற்ற உடலுடன் கலகக்காரர் நடுவே சென்று, வீட்டிலிருந்த குழந்தைகளை மீட்டுவந்தார்.

பின்னர் டுஸெல்டார்பில் அமைந்த வீட்டில், யாருக்கும் இடையூறின்றி வாசிக்க அவருக்கென ஓர் அறை கிடைத்தது. 1853 கோடையில் சில வாரங்களுக்குள்ளாகவே கணவரின் மெட்டொன்றின்மீது வேரியேஷன்கள், பியானோவுக்கு மூன்று ரொமான்ஸ்கள், வயலினும் பியானோவும் சேர்ந்து வாசிக்க மூன்று, அத்துடன் ஆறு பாடல்கள் எழுதி முடித்தார். ஓர் அறை இத்தனையும் தந்தது!

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1854 பிப்ரவரியில் மனநோயுற்ற ராபர்ட் ரைன் நதியில் குதித்தார்; மீட்கப்பட்டு மருத்துவமனை சேர்ந்தவர், 1856இல் அங்கேயே காலமானார். கடைசி மகன் பிறந்தது தந்தை மருத்துவமனையில் இருந்தபோதுதான். நண்பர்கள் தரவந்த பண உதவியை ஏற்க மறுத்த கிளாரா, ஊர் ஊராகச் சென்று வாசித்துத் தம் மக்களை வளர்த்தார். கணவரின் இசையையும் இளைஞர் பிராம்ஸின் இசையையும் உலகறியச் செய்தார். தாம் இயற்றுவதை மட்டும், ஓரிரு சிறு உருப்படிகள் தவிர, நிறுத்திவிட்டார்.

1878இல் பிராங்பர்ட் இசைக் கல்லூரியில் ஆசிரியை ஆனார். 1891இல் கடைசிக் கச்சேரி. 1896 மே 20 அன்று மறைந்து, பான் நகரில் கணவரின் அருகே அடக்கமானார். 1853 கோடையில் பிறந்த அந்த ரொமான்ஸ்கள் இன்றும் பல நாட்டு மேடைகளில் ஒலிக்கின்றன.