சர்க்கரைச் சட்டை போட்ட கிருமி!
டாக்டர் ஏவரியின் வாழ்க்கை

நிமோனியா காய்ச்சல் என்றால் ஒரு காலத்தில் வீடே நடுங்கும். பென்சிலின் வராத காலம் அது. அந்தக் கிருமியை ஆராய்வதிலேயே தன் வாழ்நாளைக் கழித்தவர், டாக்டர் ஆஸ்வால்டு ஏவரி.

இவர் கனடா நாட்டில் ஹாலிபாக்ஸ் நகரில் 1877-ம் ஆண்டு பிறந்தார். தந்தை பாதிரியார். 1887-ல் குடும்பம் நியூயார்க்கில் குடியேறியது. 1892-ல் தந்தையும் அண்ணனும் இறந்துபோனார்கள். தாயார்தான் குடும்பத்தைத் தாங்கினார்.

1904-ல் ஏவரி டாக்டர் ஆனார். சில ஆண்டுகள் வைத்தியம் பார்த்தார். தீராத நோய்களைக் கண்டு மனம் நொந்து, ஆராய்ச்சியில் இறங்கினார். 1913-ல் ராக்பெல்லர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். கல்யாணம் செய்து கொள்ளவில்லை.

வழுக்கும் சட்டை

நம் ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் போலீஸ்காரர் மாதிரி. கிருமியைக் கண்டால் பிடித்து விழுங்கிவிடும். ஆனால், நிமோனியா கிருமி வழவழப்பான சட்டை போட்டிருந்தது. பிடியில் சிக்காமல் தப்பியது. சட்டை இல்லாத கிருமியோ சாது!

அந்தச் சட்டை எதனால் ஆனது?

1923-ல் ஏவரியும் ஹைடல்பெர்கரும் விடை கண்டார்கள். அது சர்க்கரை! பலவகைச் சர்க்கரைகள் சங்கிலிபோல் கோத்துக் கிடந்தன.

இந்தச் சங்கிலி சும்மா ஒட்டிக்கொண்டு இருப்பதில்லை. பெரும்பாலான நிமோனியா கிருமிகளில், அது செல்சுவரோடு இறுகப் பிணைந்திருக்கிறது என்று பின்னால் தெரிந்தது. அதனால்தான் எளிதில் கழலுவதில்லை.

உயிர் பிழைத்த எலிகள்

சட்டையைக் கரைத்துவிட்டால்?

ஏவரியின் உதவியாளர் டூபோஸ், சதுப்பு நில மண்ணில் ஒரு நுண்ணுயிரைக் கண்டுபிடித்தார். அது ஒருவகை நிமோனியா கிருமியின் சட்டையைத் தின்றது! அதிலிருந்து எடுத்த சத்தை எலிகளுக்கு ஊசி போட்டார்கள். நோய் கண்ட எலிகள் பிழைத்தன. இது நடந்தது 1930-ல்.

மற்றொரு அதிசயம்

1928-ல் இங்கிலாந்தில் கிரிபித் என்ற டாக்டர் ஒரு விந்தையைக் கண்டிருந்தார். சட்டையுள்ள கிருமியைக் கொன்று, சட்டையில்லாத கிருமியோடு கலந்து எலிக்குச் செலுத்தினார். சாதுவாக இருந்த கிருமிக்குச் சட்டை வந்துவிட்டது! அதன் குஞ்சு குளுவான்களும் சட்டையோடு பிறந்தன.

சட்டை தைக்கும் வித்தையைக் கொண்டுபோய்க் கொடுத்தது எது? மக்லியோட், மக்கார்ட்டி இருவருடன் சேர்ந்து ஏவரி தேடினார். 1944-ல் பதில் வந்தது. அதுதான் டி.என்.ஏ.! பெற்றோர் குணம் பிள்ளைக்கு வருவதும் இதனால்தான். அப்போது ஏவரிக்கு வயது 66.

பலர் நம்ப மறுத்தார்கள். நோபல் பரிசு கடைசிவரை கிடைக்கவில்லை. 1955-ல், நாஷ்வில் நகரில் ஏவரி காலமானார்.

இன்று குழந்தைகளுக்கு நிமோனியா தடுப்பூசி போடுகிறார்கள். அதில் இருப்பது, ஏவரி ஆராய்ந்த அதே சட்டையின் சர்க்கரைதான்!