ஓரியன் முகிலைப் படம்பிடித்த வைத்தியரும் அவர் மனைவியும்

மார்கழி இரவில் வேட்டைக்காரன் உடுத்தொகுதியின் மூன்று இடைவெள்ளிகளுக்கு அருகே மங்கலாக ஒரு புகைத்துண்டு தெரியும். அதுதான் ஓரியன் விண்முகில். இன்று ஆர்வலர்கள் அதை இளஞ்சிவப்பு நிறத்தில் படமெடுத்துப் பகிர்கிறார்கள். அந்தச் சிவப்பு, ஐதரசன் வாயுவின் ஒளி. எங்கள் கண்ணுக்கு எட்டாத அந்த நிறத்தைக் கமரா பொறுமையாகச் சேர்த்தெடுக்கிறது. அந்தப் பொறுமையை முதலில் காட்டியவர் ஹென்றி டிரேப்பர் என்ற அமெரிக்க வைத்தியர்.

1837 இல் பிறந்தவர். இருபது வயதிலேயே வைத்தியப் படிப்பை முடித்துவிட்டார். பட்டம் பெற வயது போதாததால், காத்திருந்த காலத்தில் அயர்லாந்து சென்று ரோஸ் பிரபுவின் 72 அங்குலத் தொலைநோக்கியைக் கண்டார். ஊர் திரும்பியதும் தானே ஆடி தீட்டத் தொடங்கினார். முதல் உலோக ஆடி, அதன் சட்டத்துக்குள் புகுந்த சில துளி நீர் உறைந்ததால் இரண்டாகப் பிளந்தது. பிறகு வெள்ளி பூசிய கண்ணாடிக்கு மாறினார்.

1862 இல் உள்நாட்டு யுத்தத்தில் நியூயோர்க் படைப்பிரிவொன்றின் சத்திரசிகிச்சை வைத்தியரானார். இதை ஒரு வரியில் எழுதிக் கடந்துபோகிறார்கள். யுத்தத்தில் வைத்தியராக இருப்பது என்னவென்று தெரிந்த எங்களால் அப்படிக் கடக்க முடிவதில்லை.

1880 செப்டெம்பர் 30 இரவு, 11 அங்குலத் தொலைநோக்கியால் ஓரியன் விண்முகிலை 51 நிமிடங்கள் படம்பிடித்தார். ஒரு விண்முகில் புகைப்படமானது அதுவே முதல் தடவை. பூமி சுழல்வதால், தொலைநோக்கியும் மணிக்கூட்டுப் பொறியால் அதே வேகத்தில் திரும்பிக்கொண்டிருக்க வேண்டும். சற்றுப் பிசகினாலும் வெள்ளிகள் கோடுகளாகிவிடும். 1882 மார்ச்சில் 137 நிமிடங்கள் வரை போனார். கறுப்பு வெள்ளைப் படந்தான்.

அந்த நவம்பரிலேயே, 45 வயதில், நுரையீரல் உறை அழற்சியால் இறந்தார்.

கணவனை இழந்தவள் மூலைக்குள் இருக்க வேண்டும் என்று சொல்லும் ஊர்களில் வளர்ந்தவர்கள் நாங்கள். அதனாலோ என்னவோ, எனக்கு இந்தக் கதையில் டிரேப்பரை விட மேரி அன்னா பெரிதாகத் தெரிகிறார். கணவனோடு இரவிரவாக விழித்திருந்து, படத்தட்டுகளுக்கு மருந்து பூசியவர் அவர். 1886 இல் அதே 11 அங்குலத் தொலைநோக்கியை ஹார்வார்ட் வான்நிலையத்துக்குக் கொடுத்து, பணமும் வழங்கி, கணவன் தொடங்கிய விண்மீன் நிறமாலை ஆய்வைத் தொடரச்செய்தார். அங்கு வேலைசெய்தவர்களில் பலர் பெண்கள். ஆனி ஜம்ப் கனன் வகைப்படுத்திய 225,300 விண்மீன்களின் பட்டியல் 1918 முதல் 1924 வரை வெளியானது. மேரி 1914 இலேயே இறந்துவிட்டார்.

அந்தப் பட்டியல் ஹென்றி டிரேப்பரின் பெயரிலேயே வழங்குகிறது. நாங்கள் திருவாதிரை என்று கும்பிடும் வெள்ளிக்கு அதில் 39801 ஆம் இலக்கம்.