குழந்தைகளுக்காகக் கோர்ட்டில் நின்ற எக்லன்டைன் ஜெப்

குழந்தைகள் தினம் என்றால் நேரு மாமாவைப் பற்றித்தான் எல்லாரும் எழுதுவோம். இந்தத் தடவை நான் வேறு ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயர் எக்லன்டைன் ஜெப்.

இவர் 1876-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25-ஆம் தேதி இங்கிலாந்தில் எல்ஸ்மியர் என்ற ஊரில் பிறந்தார். வசதியான குடும்பம். ஆக்ஸ்போர்டில் வரலாறு படித்து டீச்சர் ஆனார். ஆனால் அந்த வேலை அவருக்கு ஒத்து வரல. கொஞ்ச காலத்திலேயே விட்டுட்டார். இதைப் படிச்சப்ப எனக்குச் சிரிப்பு வந்தது. அவர்தான் பிறகு உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடுபட்டார்!

முதல் உலகப் போர் 1918-ல் நின்றது. ஆனாலும் தோற்ற நாடுகளுக்கு உணவுக் கப்பல் போகாமல் தடுத்து வைத்திருந்தார்கள். ஆஸ்திரியா, ஜெர்மனி நாட்டுப் பிள்ளைகள் பட்டினி கிடந்தார்கள். 1919-ல் ஜெப் அம்மையார் பட்டினியில் வாடிய ஒரு ஆஸ்திரியக் குழந்தையின் படம் போட்ட நோட்டீஸை லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் கொடுத்தார். அனுமதி வாங்கவில்லை என்று போலீஸ் பிடித்தது. கோர்ட்டில் 5 பவுண்டு அபராதம் போட்டார்கள். எதிர்த்து வாதாடிய அரசு வக்கீலே மனசு இளகி, தன் கையிலிருந்து 5 பவுண்டு கொடுத்தார்! அந்தப் பணம் பட்டினிப் பிள்ளைகளுக்குப் போனது. அதே வருடம் மே மாதம் தன் தங்கை டாரத்தியோடு சேர்ந்து 'குழந்தைகளைக் காப்போம்' நிதியைத் தொடங்கினார். எதிரி நாட்டுப் பிள்ளை, நம்ம நாட்டுப் பிள்ளை என்று அவர் பிரித்துப் பார்க்கல.

சோறு போட்டால் மட்டும் போதாது என்று அவருக்குத் தோன்றியது. 1923-ல் ஜெனீவாவில் குழந்தைகளின் உரிமைகளை ஐந்தே அம்சமாக எழுதினார். பசித்த பிள்ளைக்கு உணவு, நோயுற்ற பிள்ளைக்கு மருத்துவம், ஆபத்து வந்தால் முதல் உதவி பிள்ளைகளுக்கே, யாரும் அவர்களைச் சுரண்டக் கூடாது என்றெல்லாம் அதில் இருந்தது. 1924-ல் சர்வதேச சங்கம் அதை ஏற்றுக்கொண்டது. 1928 டிசம்பர் 17-ல் ஜெனீவாவிலேயே அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 52.

ஆனால் அந்தக் காகிதத்தில் ஒரு குறை. அதன்படி நடக்கிறார்களா என்று கேட்க ஆள் இல்லை. 1989 நவம்பர் 20-ல் ஐ.நா. சபை குழந்தைகள் உரிமை உடன்படிக்கையைக் கொண்டு வந்தபோதுதான் அந்தக் குறை தீர்ந்தது. இப்போது ஜெனீவாவில் 18 பேர் கொண்ட குழு இருக்கிறது. கையெழுத்துப் போட்ட நாடுகள் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை அறிக்கை தரணும். நம்ம ரேங்க் கார்டு மாதிரிதான்! அரசாங்கம் சொல்வதோடு விடாமல், தொண்டு நிறுவனங்களும் பிள்ளைகளும்கூட அந்தக் குழுவுக்கு எழுதலாம். இந்தியா 1992-ல் சேர்ந்தது. 2014-ல் குழந்தைத் தொழிலாளர், குழந்தைத் திருமணம் பற்றியெல்லாம் நம் நாட்டிடம் அந்தக் குழு கேட்டது. அந்தக் குழு தண்டனை கொடுக்க முடியாது. ஆனால் கேட்டதை உலகம் பார்க்க எழுதி வைக்கும்.

என் பக்கத்தில் உட்கார்ந்த தோழி அரையாண்டு லீவுக்குப் பிறகு பள்ளிக்கு வரல. வேலைக்குப் போயிட்டாளாம். தினமும் அவள் பெயரைக் கூப்பிடும்போது வகுப்பே அமைதியாகிவிடும். ஜெனீவாவிலிருந்து யாரும் எங்கள் வகுப்புக்கு வந்து அவள் எங்கேன்னு கேட்க மாட்டாங்க. நாமதான் கேட்கணும். சனிக்கிழமை டீச்சரோடு நாங்கள் நாலு பேர் அவள் வீட்டுக்குப் போறோம். நீங்களும் உங்கள் வகுப்பில் யார் வரலைன்னு பாருங்க. உதவிக்கு 1098 என்ற இலவச எண் இருக்கு.



– 9-ஆம் வகுப்பு மாணவி